ஜப்பானின் ஆரம்பகாலப் போகிமான் கார்டுகள்: ப்ரோமோக்கள், போட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பானியப் போகிமான் கார்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் விலையில்தான் தொடங்குவார்கள். "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "இதை முதன்முதலில் கையில் வாங்கிய பிள்ளை, அதற்காக என்ன செய்தது தெரியுமா?" ஒரு பிள்ளை படம் வரைந்து தபாலில் அனுப்பியது. இன்னொன்று பரீட்சை எழுதியது. வேறொன்று அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்காரவைத்து விளையாடி ஜெயித்தது. 1996 முதல் 1999 வரை வந்த இந்தக் கார்டுகளை அப்படிப் பார்த்தால்தான் புரியும் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களும் அந்த வழியில்தான் போகும்.

ப்ரோமோ கார்டு என்றால் என்ன?

கடையில் பாக்கெட் வாங்கிப் பிரித்தால் வராத கார்டு. பத்திரிகையோடு இணைப்பாக வரும், போட்டியில் பரிசாகக் கிடைக்கும், விமானத்தில் ஏறினால் கொடுப்பார்கள், வீடியோ கேம் பெட்டிக்குள் இருக்கும். விற்பனையைக் கூட்டத்தான் இவற்றை அச்சடித்தார்கள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளையும் ஓர் இடத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. கடைப் பாக்கெட் கார்டுக்கு அது கிடையாது.

இந்த விளையாட்டை யார், எப்போது தொடங்கினார்கள்?

போகிமான் சிவப்பு, பச்சை என்ற இரண்டு வீடியோ கேம்கள், கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக, ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தன. கார்டு விளையாட்டு அதே ஆண்டு அக்டோபர் 20-ல் வந்தது. இதற்குப் பின்னால் இருந்தவர் கிரியேச்சர்ஸ் நிறுவனத்தின் சுனெகாசு இஷிஹாரா. அமெரிக்காவில் அப்போது பரவியிருந்த மேஜிக் கார்டு விளையாட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு உண்டு. இந்த வகை விளையாட்டுக்கு ஜப்பானில் அன்று பெரிய சந்தை கிடையாது. துணிந்து வெளியிட்டது மீடியா ஃபேக்டரி என்ற நிறுவனம்.

முதல் தொகுப்பில் 102 கார்டுகள். அதில் பிகாச்சுவையும் லிசார்டோனையும் வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. லிசார்டோன் என்பது நாம் சாரிசார்ட் என்று அறிந்த அந்த நெருப்பு கக்கும் பறக்கும் டிராகனின் ஜப்பானியப் பெயர். ஜப்பானியக் கார்டுகளைப் பற்றிப் பேசுவதால் இந்தப் பக்கம் முழுக்க ஜப்பானியப் பெயர்களையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

முதல் ப்ரோமோ கார்டு எது?

கொரோகொரோ காமிக் என்ற சிறுவர் மாத இதழ் 1996 நவம்பர் இதழோடு இரண்டு கார்டுகளைக் கொடுத்தது: ஒரு பிகாச்சு, ஒரு புரின். புரின் என்றால் ஜிக்லிபஃப், அந்த உருண்டையான இளஞ்சிவப்புப் பாடகி. நவம்பர் இதழ் என்று போட்டிருந்தாலும் கொரோகொரோ முந்தைய மாத நடுவிலேயே கடைக்கு வந்துவிடும். அதாவது கார்டு பாக்கெட்டுகள் விற்பனைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னாலேயே இந்த இரண்டும் பிள்ளைகள் கையில் இருந்தன. விளையாட்டு இன்னும் கடைக்கே வரவில்லை, அதற்குள் அதன் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது!

இந்தப் புரின் ஒன்று என்னிடம் இருக்கிறது. சாதாரண கார்டைவிட வழவழப்பு அதிகம். விளக்குக்கு எதிரே சாய்த்தால் முகம் முழுக்க ஒரே பளபளப்பு ஓடும். இடது மேல் மூலை மழுங்கியிருக்கிறது, நடுவில் நகம் பட்ட மெல்லிய கோடு ஒன்று. வாங்கிய புதிதில் அந்தக் கோடு எனக்கு உறுத்தலாக இருந்தது. இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு பிள்ளை இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

என் ஜப்பானியப் பிகாச்சுவில் "நம்பர் 025" என்று இருக்கிறது. இது தொகுப்பின் 25-ஆவது கார்டா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. அந்தக் காலத்து ஜப்பானியக் கார்டுகளில் தொகுப்பு எண் அச்சிடப்படவில்லை. கீழே இருப்பது போகிமான்களின் பட்டியலில் அந்த உயிரியின் எண். பிகாச்சு எப்போதுமே 25, எந்தத் தொகுப்பில் வந்தாலும் 25தான். ப்ரோமோக்களுக்கும் தனி வரிசை எண் கிடையாது. அதனால்தான் இவற்றைப் பட்டியலிடுவதே தனி வேலையாகப் போய்விட்டது. ஒரு கார்டு எங்கிருந்து வந்தது என்பதை ஓவியத்தையும், தொகுப்புச் சின்னத்தையும், காகிதப் பளபளப்பையும் வைத்துத்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு அடையாளம்: முதல் தொகுப்பின் ஆரம்ப அச்சில் வலது கீழ் மூலையில் அரிதளவைக் காட்டும் குறி (வட்டம், வைரம், நட்சத்திரம்) எதுவும் இருக்காது. பிறகு அச்சடித்தவற்றில் இருக்கும். குறி இல்லாததுதான் மூத்தது.

"பழைய முதுகு" என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எதை?

கார்டின் பின்பக்கத்தை. முதலில் வந்த ஜப்பானியக் கார்டுகளின் பின்னால் "பாக்கெட் மான்ஸ்டர்ஸ் கார்ட் கேம்" என்ற பெயர் இருக்கும். 2001 இறுதியில் "இ" கார்டு வரிசை வந்தபோது பின்பக்கத்தை மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தையவை எல்லாம் பழைய முதுகு. இந்தப் பக்கத்தில் நான் பேசும் கார்டுகள் அத்தனையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது?

அடிப்படை இன்றைக்கும் அதேதான். ஆளுக்கு 60 கார்டு கொண்ட ஒரு கட்டு, அதுதான் டெக். போகிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுகள் தவிர ஒரே பெயரில் 4 கார்டுக்கு மேல் வைக்கக்கூடாது. ஆட்டம் தொடங்கும்போது 6 கார்டுகளைப் பரிசாகக் கவிழ்த்து வைப்பீர்கள். எதிராளியின் போகிமானை ஒவ்வொன்றாக வீழ்த்தும்போது ஒவ்வொன்றாக எடுப்பீர்கள். ஆறும் எடுத்தவர் ஜெயித்தார்.

வேகம்தான் வேறு. இன்று சப்போர்ட்டர் வகைக் கார்டு ஒரு முறைக்கு ஒன்றுதான் போடலாம். அன்று டிரெய்னர் கார்டுகளுக்கு, அதாவது ஆட்டக்காரருக்கு உதவும் கார்டுகளுக்கு, அந்தக் கட்டுப்பாடே இல்லை. ஓகிடோ பேராசிரியர் கார்டைப் போட்டால் கையில் இருப்பதை எல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாக 7 எடுக்கலாம். மசாகி கார்டுக்கு 2. அதே முறையிலேயே இன்னொரு ஓகிடோ, இன்னொரு மசாகி. ஒரே முறையில் பாதி டெக்கைப் புரட்டிவிட முடியும். எதிராளியின் எனர்ஜியைக் கழற்றும் கார்டும் இருந்தது. உங்கள் பெரிய டிராகன் தாக்குதலுக்கு 4 எனர்ஜி சேர்ப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் படத்தில் மிரட்டும் லிசார்டோனைவிட, ஒன்றிரண்டு எனர்ஜியிலேயே அடிக்கும் சின்னப் போகிமான்கள்தான் போட்டி மேசையில் கில்லாடிகள். ஆசைக்காக லிசார்டோனை டெக்கில் வைத்துக்கொண்டு போய்த் தோற்ற பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் அதிகாரபூர்வப் போட்டி எது? என்ன பரிசு?

1997 ஜூனில், டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபா நகரத்தின் மகுஹரி மெஸ்ஸே அரங்கில் நடந்தது. விளையாட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் தொகுப்புக்குப் பிறகு மார்ச்சில் ஜங்கிள் வந்திருந்தது. புதைபடிவங்களின் மர்மம் என்ற மூன்றாவது தொகுப்பு அந்த ஜூனில்தான் வெளியாயிற்று.

முதல் மூன்று இடங்களுக்குக் கிடைத்தவைதான் இன்று கோப்பைப் பிகாச்சு என்று அழைக்கப்படும் கார்டுகள்: நம்பர் 1 டிரெய்னர், நம்பர் 2 டிரெய்னர், நம்பர் 3 டிரெய்னர். ஓவியம் அரிட்டாவுடையது. பிகாச்சு ஒரு கோப்பையோடு நிற்கும், முதலிடத்துக்குத் தங்கம், இரண்டுக்கு வெள்ளி, மூன்றுக்கு வெண்கலம்.

இந்தக் கார்டுகளில் நான் கவனிக்கச் சொல்வது எழுத்தை. டிரெய்னர் கார்டு என்றால் "இத்தனை கார்டு எடு", "அதைக் கழற்று" என்று ஏதாவது வேலை சொல்லும். இவற்றில் அப்படி எதுவும் கிடையாது. அதிகாரபூர்வப் போட்டியில் வென்றவர் இவர் என்று அங்கீகரித்து, பெருமைப்படுத்துகிறோம் என்பதுதான் செய்தி. பள்ளி ஆண்டு விழாவில் தரும் சான்றிதழை அப்படியே கார்டு அளவுக்குச் சுருக்கியது மாதிரி. அந்தக் கார்டை வைத்து விளையாட முடியாது, ஜெயித்தேன் என்று காட்ட மட்டும்தான் முடியும்.

லிசார்டோன் மெகா பேட்டில், காமெக்ஸ் மெகா பேட்டில் என்பவை?

அடுத்து வந்த பெரிய போட்டிகள். லிசார்டோன் மெகா பேட்டில் 1997 இறுதியிலும் 1998-லும் ஜப்பானின் பல ஊர்களில் நடந்தது. அதற்கும் நம்பர் 1, 2, 3 டிரெய்னர் கார்டுகள் உண்டு. ஏலப் பட்டியல்களில் "கோப்பைப் பிகாச்சு" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எந்தப் போட்டியுடையது என்று முதலில் கேளுங்கள். காமெக்ஸ் மெகா பேட்டில் 1998-ல். காமெக்ஸ் என்பது பிளாஸ்டாய்ஸ், முதுகில் பீரங்கி வைத்த ஆமை.

பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாடிய போட்டி உண்மையிலேயே நடந்ததா?

நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த போட்டியும் இதுதான். 1998-ல் நடந்த பெற்றோர்-பிள்ளை மெகா பேட்டில். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, இரண்டு பேரும் ஒரு அணி. இதில் தேவையான வெற்றிகளைப் பெற்ற அணிகளுக்குக் கிடைத்தது கருரா கார்டு. நாம் கங்காஸ்கான் என்போம்.

ஏன் கருரா? அதன் உடம்பைப் பாருங்கள். பருத்த தாய், வயிற்றுப் பையில் குட்டி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பையில் வைத்துக்கொண்டே சண்டை போடும் போகிமான் அது. வரைந்தவர் கென் சுகிமோரி, ஆரம்பகாலப் போகிமான்களின் தோற்றத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். இந்தப் பரிசுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அந்த மேசையைக் கற்பனை செய்து பாருங்கள். அலுவலக விடுமுறை நாளில் மகனுக்காக வந்த அப்பா. அவருக்கு எந்தக் கார்டு என்ன செய்யும் என்று சரியாகத் தெரியாது. "இப்ப அதைப் போடாதீங்கப்பா" என்று பிள்ளை காதில் சொல்கிறது. வீட்டில் எல்லாம் தெரிந்தவர், இங்கே பிள்ளை சொல்வதைக் கேட்டு நடக்கிறார். மற்ற போட்டிகளில் பெரியவர்கள் சுவரோரமாக நின்று பார்த்தார்கள், இதில் மட்டும் உட்கார்ந்து ஆடினார்கள். இன்று ஒரு கருரா கார்டு ஏலத்துக்கு வந்தால் அதன் மூலைகள் எப்படி என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த இருவரும் அன்று மாலை ரயிலில் என்ன பேசிக்கொண்டு திரும்பினார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

பல்கலைக்கழகக் கோய்கிங் என்பது என்ன?

1998-ல் ஷோகக்குகான் பதிப்பகத்தின் சிறுவர் இதழ்கள் வழியாக ஒரு தேர்வு நடந்தது. பெயர் தமாமுஷி பல்கலைக்கழக ஹைப்பர் டெஸ்ட். தமாமுஷி என்பது போகிமான் கேமில் வரும் ஒரு நகரம், அப்படி ஒரு பல்கலைக்கழகம் கதைக்குள் மட்டும்தான் உண்டு. கேள்விகள் போகிமானைப் பற்றியவை. நன்றாக எழுதித் தேறியவர்களுக்குக் கோய்கிங் கார்டு பரிசு. வழங்கியது ஆயிரம் பேருக்கு என்பது சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு.

கோய்கிங் என்றால் மேஜிகார்ப், துள்ளுவதைத் தவிர எதற்கும் உதவாத கெண்டை மீன். போகிமான்களிலேயே பலவீனமானது என்று பெயர் வாங்கியது. ஆனால் பொறுமையாக வளர்த்தால் கியாரடோஸ் என்ற மாபெரும் கடல் நாகமாக மாறும். படித்துத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அந்த மீனைக் கொடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

உலகிலேயே விலை உயர்ந்த போகிமான் கார்டு என்று சொல்லப்படும் பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் பற்றிச் சொல்லுங்கள்.

முதலில் பெயரைத் திருத்திவிடுகிறேன். கார்டில் அச்சாகியிருக்கும் தலைப்பு "போகிமான் இல்லஸ்ட்ரேட்டர்". பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்பது சேகரிப்பாளர்கள் வைத்த பெயர்.

கொரோகொரோ இதழ் 1997-லும் 1998-லும் வாசகர்களுக்கு மூன்று ஓவியப் போட்டிகள் நடத்தியது. பிள்ளைகள் தங்கள் கையால் போகிமான் கார்டுக்கான படம் வரைந்து அனுப்ப வேண்டும். வென்றவர்களுக்கு இந்தக் கார்டு. முதல் போட்டியில் 23, அடுத்த இரண்டிலும் எட்டெட்டு, ஆக 39. பிற்காலத்தில் மேலும் 2 வெளியே வந்தன.

கார்டை உற்றுப் பாருங்கள். மேலே வழக்கமாக "டிரெய்னர்" என்று இருக்கவேண்டிய இடத்தில் "இல்லஸ்ட்ரேட்டர்", அதாவது ஓவியர் என்று இருக்கிறது. தொகுப்புச் சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பேனா முனை. நடுவில் வரைகோல்களோடு பிகாச்சு. வரைந்தவர் அட்சுகோ நிஷிதா. பிகாச்சு என்ற உருவத்தையே முதலில் உருவாக்கியவர் அவர். கீழே இருக்கும் வாசகத்தின் சாரம் இது: கார்டு ஓவியப் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய படம் மிகச் சிறந்தது என்று சான்றளிக்கிறோம், ஆகவே உங்களை அதிகாரபூர்வப் போகிமான் கார்டு ஓவியராக ஏற்று உங்கள் திறமையைப் போற்றுகிறோம்.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு வாசகம் வருவதை எண்ணிப் பாருங்கள். "நீ நன்றாக வரைகிறாய்" என்பது வேறு, "இன்றுமுதல் நீங்கள் எங்கள் ஓவியர்" என்பது வேறு. பிகாச்சுவை உருவாக்கியவர் கையாலேயே வரைந்த பிகாச்சுவோடு அந்தச் செய்தி வருகிறது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நிறுவனம் ஒரு பிள்ளைக்குச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

விலைக்கு வருவோம், கேட்டுவிட்டீர்கள். பத்துக்குப் பத்து தரம் பெற்ற ஒரு பிரதியை அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 2021 ஜூலையில் துபாயில் வாங்கினார். மதிப்பு 52,75,000 டாலர். அதில் 40 லட்சம் டாலர் பணம், மீதிக்கு ஒன்பது தரம் பெற்ற இன்னொரு இல்லஸ்ட்ரேட்டர் கார்டையே கொடுத்தார். கின்னஸ் அதைச் சாதனையாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு மல்யுத்த மேடைக்கு அதைக் கழுத்தில் சங்கிலியாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். உலகமே அந்தச் சங்கிலியைப் பார்த்தது. அந்தக் கார்டு கிடைக்கக் காரணமான ஓவியம் எது, என்ன போகிமான், எந்த வண்ணம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

1999-ல் ரகசியமாக ஒரு போட்டி நடந்ததாமே?

ரகசிய சூப்பர் பேட்டில். கோடைக்காலத்தில் ஜப்பான் முழுக்கப் பகுதிவாரியாக சேலஞ்ச் ரோடு 99 போட்டிகள் நடந்தன. ஏழு பகுதிகளில் வென்றவர்களுக்கு ஒரு நம்பர் 1 டிரெய்னர் கார்டு கிடைத்தது. இதில் பிகாச்சு இல்லை, மின்னும் மியூட்டூ.

இந்தக் கார்டுதான் இறுதிப் போட்டிக்கான நுழைவுச்சீட்டு. இறுதிப் போட்டி எங்கே நடக்கும் என்பதை வெளியில் அறிவிக்கவில்லை. நீங்கள் உயர்ந்த நிலையை எட்டிய ஆட்டக்காரர், ரகசிய சூப்பர் பேட்டிலுக்கு உங்களை அழைக்கிறோம், இந்தக் கார்டைக் காட்டினால் உள்ளே வரலாம் என்று கார்டிலேயே எழுதியிருக்கிறது. முதல் திரைப்படத்தில் மியூட்டூ தேர்ந்தெடுத்த வீரர்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்பித் தன் தீவுக்கு வரவழைக்கும், பார்த்திருப்பீர்கள். படம் 1998-ல் வந்தது. அடுத்த வருடமே அதே மாதிரி அழைப்பு நிஜப் பிள்ளைகள் கையில்!

ஜப்பானுக்கு வெளியே போட்டிகள் எப்போது போயின?

1999 ஆகஸ்டில் ஹவாயில் டிராபிகல் மெகா பேட்டில் நடந்தது. ஜப்பானிய ஆட்டக்காரர்களோடு அமெரிக்கா போன்ற பிற நாட்டுப் பிள்ளைகளும் அதில் ஆடினார்கள். ஆங்கிலக் கார்டுகள் அமெரிக்காவில் அந்த ஜனவரியில்தான் வந்திருந்தன என்பதை நினைவில் வையுங்கள். பங்கேற்றவர்களுக்கு "டிராபிகல் விண்ட்" என்ற ப்ரோமோ கிடைத்தது. உலகச் சாம்பியன்ஷிப் இன்று நாம் அறிந்த வடிவில் 2004-ல் ஆர்லாண்டோவில் தொடங்கியபோதும் டிராபிகல் விண்ட் மறுபடி அச்சாயிற்று. 2011, 2012 உலகப் போட்டிகளின் கார்டுக்குப் பெயர் "டிராபிகல் பீச்". ஹவாய்க் காற்று அத்தனை வருடம் அந்தப் பெயர்களில் வீசிக்கொண்டே இருந்தது.

ஜெயிக்காத பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா?

நிறையக் கிடைத்தது. அவைதான் நான் தேடித் தேடிச் சேர்ப்பவை.

1998-ல் தானியங்கி இயந்திரங்களில் கார்டுத் தாள்கள் விற்றார்கள். காசு போட்டால் ஒரு தாள் வரும், அதில் ஒட்டியிருக்கும் கார்டுகளை உரித்து எடுக்க வேண்டும். மூன்று வரிசைகள்: நீலம், சிவப்பு, பச்சை. இவற்றில் பல ஓவியங்கள் ஆங்கிலத்தில் வரவே இல்லை.

ஏஎன்ஏ விமான நிறுவனம் 1998-ல் போகிமான் ஓவியம் தீட்டிய விமானங்களைப் பறக்கவிட்டது. அதையொட்டி வந்த கார்டுகளில் பறக்கும் பிகாச்சு ஒன்று. இறக்கை கிடையாது, பலூன்களைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். போகிமான் கார்டு ஜிபி என்ற கேம் 1998 டிசம்பர் 18-ல் வந்தபோது பெட்டிக்குள் கைர்யூ கார்டு இருந்தது. கைர்யூ என்றால் டிராகோனைட். கேமுக்குள் கடைசியில் சென்று அடையும் புகழ்பெற்ற நான்கு கார்டுகளில் அதுவும் ஒன்று, கையில் தொடக்கூடிய உண்மையான காகிதத்தில். 1999-ல் போகிமான் ஸ்னாப் என்ற புகைப்படக் கேம் வந்தபோது, பிள்ளைகள் கேமுக்குள் எடுத்த படங்களுக்குப் போட்டி வைத்து, வென்ற படங்களையே கார்டாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். அவை மிகச் சிலவே இருக்கின்றன.

இமாகுனி? என்ற கார்டில் ஒரு மனிதர் இருக்கிறாரே, யார் அவர்?

தொமோவாகி இமாகுனி என்ற இசைக்கலைஞர், ஆரம்பகாலப் போகிமான் பாடல்களிலும் நிகழ்ச்சிகளிலும் பங்கெடுத்தவர். பெயரின் கடைசியில் கேள்விக்குறியும் சேர்ந்ததுதான் பெயர். அவருடைய டிரெய்னர் கார்டைப் போட்டால் உங்கள் போகிமானுக்கே குழப்பம் பிடிக்கும், எதிராளிக்கு ஒன்றும் ஆகாது. யாரும் ஜெயிப்பதற்காக அதைப் போட்டிருக்க மாட்டார்கள். சிரிப்பதற்கென்றே ஒரு கார்டை அச்சடிக்கும் மனசு அன்று இருந்தது.

சின்ன வயதில் பெட்டிக்கடையில் வாங்கிய போகிமான் கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. மதிப்பு உண்டா?

2000-களில் கார்டூன் பார்த்துவிட்டு நம் ஊர்க் கடைகளில் நாம் வாங்கிய சில்லறைக் காசுப் பாக்கெட்டுகள் அநேகமாக எல்லாமே அனுமதியின்றி அச்சடித்தவை. எழுத்து மங்கல், பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், தாக்குதல் எண்கள் அபத்தமாக இருக்கும். சந்தையில் விலை கிடையாது. தூக்கிப் போடாதீர்கள், உங்கள் பால்யத்தின் கணக்கில் அவை அசல்தான்.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோப்பைக் கார்டு, இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றைத் தெரியாதவரிடம் மலிவாகக் கண்டால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரம் மதிப்பிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுவார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. 1996 வாக்கில் செய்த சோதனைக் கார்டுகள் என்று சொல்லப்பட்டவை பல, மதிப்பீட்டு முத்திரையோடு பெரும் விலைக்கு விற்றன. கலர் பிரிண்டர்கள் சில, தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை அச்சிடும், அவற்றில் அச்சடித்த தேதி ஒளிந்திருக்கும். 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் படித்தார்கள். சில கார்டுகளில் 2024 என்று வந்தது. நிறுவனத்தின் நிபுணர்கள் தவறவிட்டதை, வீட்டில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து பார்த்த ஆர்வலர்கள் பிடித்தார்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் எப்படிப் பாதுகாப்பது?

மின்னும் கார்டுகள் வில்லாக வளையும். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே இருக்கும் பளபளப்புப் படலம் விரியாது, அதனால் வளைவு. உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள், மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும்.

சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

இயந்திரத் தாள் கார்டுகளிலிருந்து. கோப்பைக் கார்டுகளோடு ஒப்பிட்டால் விலை கைக்கெட்டும், ஓவியங்கள் அருமை. உரிக்காத தாளுக்கு விலை கூடுதல், உரித்த தனிக் கார்டு போதும்.

என்னிடம் உரிக்காத பச்சைத் தாள் இரண்டு இருந்தது. போன விடுமுறைக்கு வந்த அக்கா மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "மாமா, இதை உரிக்கத்தானே செஞ்சிருக்காங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மூலையில் நகத்தை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இழுத்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பசை சின்னதாகச் சத்தம் போட்டு விட்டுக்கொடுத்தது. இப்போது என்னிடம் உரிக்காத தாள் ஒன்று இருக்கிறது. அவள் பென்சில் டப்பாவில் மூன்று கார்டுகள் இருக்கின்றன.